எதிர்வீட்டுக் காரில் நம்ம கண்ணாடி

ஏங்க, அவசரமா எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கங்க.

கப்பல்ல வந்து இறங்கின நம்ம குட்டிக் காரை முதல் சர்வீஸுக்கு விட்டு ஆறு நாளாச்சு. எதிர்வீட்டுக்காரரும் அதே மாதிரி காரை, பக்கக் கண்ணாடி உடைஞ்சதுன்னு அதே டீலர்கிட்டதான் விட்டிருந்தார். வெளிநாட்டுலேர்ந்து கண்ணாடி வர மூணு மாசமாகும்னு புலம்பினவர், இன்னிக்குக் காலையில முழுக் காரோட ஜம்முனு வந்து இறங்கினார். ஜன்னல்ல நின்னு பார்த்தேன், தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தக் கண்ணாடி முதுகுல நம்ம சின்னவ ஒட்டின பூனை ஸ்டிக்கர்! அதே கிழிஞ்ச காது!

நான் டீலர்கிட்டயே நேரா போறேன். நாலு மணிக்கு சர்வீஸ் ஆள் நம்ம வீட்டுக்கு வருவான். கார் நாளைக்கு வருமாம், ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு கையெழுத்து மட்டும் இன்னிக்கே வேணுமாம். வழக்கம்போல தலையாட்டிப் போட்டுடாதீங்க.

சாப்பாடு மேசைமேல மூடியிருக்கு. வீட்டுச் சாவியை இந்தச் சீட்டோட சேர்த்துப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்.

பி.கு.: ‘அடுத்தவன் வீட்டை எட்டிப் பார்க்கிறதே உனக்குப் பொழப்பா’ன்னு நேத்து கத்தினீங்களே, இப்ப நான் வர்ற வரைக்கும் நீங்களே ஜன்னல்ல நில்லுங்க. அந்தக் காரோட சக்கரமும் நம்மளதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.