யோஷினாரியின் முதுகில் ஐந்து காந்தங்கள்

மார்ச் 3
மீன் சந்தை வேலையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் யோஷினாரி சட்டையைக் கழற்றினார். முதுகில், இடது தோள்பட்டை எலும்பை ஒட்டி ஐந்து காந்தப் பிளாஸ்திரிகள். தோள்வலி என்றால் எல்லோரும் ஒட்டிக்கொள்கிற அதே பட்டாணி அளவு காந்தம்தான். ஆனால் அவர் கை அங்கே எட்டாது. என்னிடமும் கேட்கவில்லை.
பின்னே யார் ஒட்டியது?

மார்ச் 4
கேட்டேவிட்டேன்.
"சலூன் வச்சிருக்காளே மிட்சுயோ, அவதான் தோளைப் பிடிச்சுவிட்டா, அப்படியே இதையும் ஒட்டிவிட்டா. அதுக்கென்ன இப்போ?"
மிசோ சூப்பிலிருந்து தலை நிமிரவில்லை. அந்தத் தலையில் இருப்பது நாலு முடி. அதற்கு வாரம் தவறாமல் சலூனா?

மார்ச் 9
இன்று நானே ஒட்டினேன்.
"அங்க இல்ல, கிகுயோ. இன்னும் கீழ... ம்ஹூம். அவளுக்கு இடம் தானா தெரியும்."
அவளுக்குத் தெரியுமாம்! இருபத்தாறு வருஷமாக நான் தேய்த்துவிடுகிற முதுகு!

மார்ச் 12
மிட்சுயோ புருஷனை இழந்தவள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். இதை எழுதியும் மனசு ஆறவில்லை.

மார்ச் 17
முகத்து ரோமம் எடுக்கிற சாக்கில் சலூனுக்குப் போனேன். கத்தி அவள் கையில். சண்டைக்குப் போனது நான்.
"எங்க வீட்டுக்காரர் முதுகு உனக்கு மனப்பாடமாமே?"
கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, அது தோள்வலி இல்லக்கா. படியேறினா வருது, உட்கார்ந்தா போயிடுது. இடது கை மரத்துப்போகுதாம். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்கல. உங்ககிட்ட சொல்லவும் விடல."
எனக்கு முதலில் வந்தது பயமில்லை. அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறாரே என்ற எரிச்சல்தான். சீ, என்ன மனசு இது.

மார்ச் 18
"ஒருநாள் சந்தைக்குப் போகலன்னா கடல் வத்திடாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!"
சோதனைக்கு முன் காந்தங்களை எடுக்கச் சொன்னாள் நர்ஸ். நானே உரித்தேன். வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பாம். நாளைக்கே சிகிச்சை.
"எங்கிட்ட ஏன் சொல்லல?"
"நீ பயந்துடுவ."
"அவ பயப்பட மாட்டாளா?"


மார்ச் 20
அடைப்பை நேற்றே நீக்கிவிட்டார்கள். கண் விழித்ததும் கஞ்சி கேட்டார்.
மதியம் மிட்சுயோ வந்தாள். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று நர்ஸ் வாசலிலேயே நிறுத்தினாள். "இவங்க யாரு உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"என் தங்கச்சி" என்றேன்.
நானும் கூடவே உள்ளே போனேன்.