அம்மா வழி டெஸ்டில் நைனா கிடைக்கமாட்டார்

லைட்ஹவுஸ் குப்பம்,
பழவேற்காடு.
ஐப்பசி 20

அன்பு மகள் சுபஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காய்ச்சல் சளி இல்லாமல் இருக்க எல்லையம்மன் துணை இருப்பாள். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனசு முழுக்க எரிச்சல்தான், அதில் பாதி உன்மேல். போனில் சொல்லலாம் என்றால் நீ ஆஸ்பத்திரி டூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் பத்து நிமிஷம் பேசுகிறாய், அதிலும் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ வேறொன்றுக்குப் பதில் சொல்லி முடித்துவிடுகிறாய். எழுதினால் நடுவில் பேசமாட்டாய் இல்லையா, அதற்குத்தான் இந்தக் கடிதம். உன் அப்பா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவார், பெரிசு பண்ணி முழுதாகப் படி.

நாகமணி வந்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். போன கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தேன், ஆட்டோவில் வந்து இறங்கிய ஒருத்தி தெலுங்கும் தமிழுமாகக் கலந்து சடையன் வீடு எது என்று கேட்டாள். சடையன் என்றால் உன் தாத்தா, என் நைனா, எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வைகாசிப் புயலில் கட்டுமரத்தோடு போனவர், உடம்புகூடக் கரை ஒதுங்கவில்லை. நான்தான் அவர் மகள் என்றேன். அவள் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, அவரு எங்களுக்கும் நைனாதான் என்றாள். தெற்குக் காற்றில் வடக்கே அடித்துப்போன அவரைக் காக்கிநாடாப் பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கினார்களாம், அங்கேயே தங்கி நாகமணியின் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஒரு பிள்ளை பெற்று எட்டு வருஷத்துக்கு முன்புதான் இறந்தாராம். அங்கெல்லாம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுப்பெயர் என்று ஒன்று உண்டு, எங்கிருந்தோ வந்த அவருக்கு அது இல்லை. இப்போது நாகமணி மகளுக்கு வரன் வந்தால் உங்க நைனா யாரு, எந்த ஊரு, இன்னா வம்சம் என்று கேட்கிறார்களாம், சாட்சி சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. அவர் எப்போதோ வாய் தவறிச் சொன்ன பழவேற்காடு என்ற பெயரை வைத்துக்கொண்டு அவள் தேடி வந்தது அதற்காக. நானா அவளைக் கூப்பிட்டேன், இத்தனை வருஷம் இல்லாத அக்கா இப்போது எதற்கு என்று எனக்கு அன்றைக்கே ஆத்திரம், ஆனாலும் சோறு போட்டுத்தான் அனுப்பினேன். உன் மாமா தினகரனுக்கோ அதுவும் பிடிக்கவில்லை. எவனோ பேரைச் சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருக்கான், நாளைக்கு சுனாமிக்கு கவர்மென்டு குடுத்த வீட்டுல பங்கு கேப்பா பாரு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பொங்கலுக்கு வந்த நீ என்ன செய்தாய்? ஒரு டெஸ்ட் எடுத்தா முடிஞ்சிதும்மா என்றாய். எந்த டெஸ்ட், எதற்கு எடுப்பது என்று என்னை ஒரு வார்த்தை கேட்டாயா, அங்கிருந்தே ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். வெற்றிலை போடாதே, தண்ணீர் குடிக்காதே என்று அரைமணி நேரம் உட்கார வைத்து என் எச்சிலைக் குழாயில் பிடித்துக்கொண்டு போனாய். பங்குனியில் முடிவு வந்தது. என் அம்மா, அவளுக்கு அம்மா, அவளுக்கும் அம்மா என்று பல ஆயிரம் வருஷம் பின்னால் போய் ஏதோ ஒரு எழுத்தும் நம்பரும் போட்டிருந்தான், கூடவே தென்னிந்தியா தொண்ணூற்றேழு சதவீதம் என்று ஒரு கலர் வட்டம். நீ சூப்பர்மா என்று ஆசையாகப் பேசினாய். அடியே, நான் தென்னிந்தியா என்று எனக்குச் சொல்ல என் எச்சில் கப்பல் ஏறிப் போகவேண்டுமா? அம்மா வழி டெஸ்டில் அம்மா வழிதான் வரும். எனக்கும் நாகமணிக்கும் அம்மா வேறு வேறு, கேள்வி நைனாவைப் பற்றியது. முகத்துவாரத்தில் போடவேண்டிய வலையைச் சேற்றில் போட்டுவிட்டு மீன் இல்லை என்று வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? அம்மாவுக்கு எடுக்கிறோம், அதனால் அம்மா வழி என்று நினைத்து வாங்கிவிட்டேன் என்று நீ சிரித்தாய் பார், அன்றைக்குப் போனை வைத்தவள் இரண்டு நாள் எடுக்கவில்லை, நெட் இல்லை என்று பொய் சொன்னேன்.

வைகாசியில் நாகமணி மறுபடி வந்தாள். பொன்னேரி வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று அவளைக் கூட்டிக்கொண்டு சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் உன் வயதுதான், ஆனால் முதலில் கேள்வியைக் கேட்டாள், என்ன தெரிஞ்சுக்கணும்னு வந்தீங்க என்று. ஒரே அப்பாவா என்று தெரியணும் என்றேன். உங்க ரெண்டு பேரு அம்மாவுல யாராவது உயிரோட இருக்காங்களா என்றாள், இல்லை என்றேன். அப்படியென்றால் நிச்சயமாகச் சொல்வது கஷ்டம், பார்க்கலாம் என்று இரண்டு பேர் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக்குச்சியைத் தேய்த்து எடுத்தாள். மூன்று வாரம் கழித்துக் காகிதம் வந்தது. ஒரே தகப்பனாக இருக்க வாய்ப்பு உண்டு, உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று எழுதியிருந்தது. வாய்ப்பு உண்டு என்பதை நாகமணி எந்தச் சம்பந்தியிடம் போய்க் காட்டுவாள்? அவள் ரயில்வே பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள், நான் எழுந்திரு எழுந்திரு என்று அதட்டினேன், எனக்கும் அழுகை வந்ததால்தான் அதட்டினேன்.

அந்தப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். ஆண் வழி என்று ஒன்று இருக்கிறதாம், அப்பனிடமிருந்து மகனுக்கு அநேகமாக அப்படியே மாறாமல் இறங்குமாம், பெண்களுக்கு அது கிடையாது. நாகமணியின் தம்பியும் உன் மாமாவும் வந்தால் பார்த்துவிடலாம் என்றாள். மாமாவிடம் போனேன், படகடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறப்பதற்குள் கத்தினார். பன்னெண்டு வயசுல மொட்ட அடிச்சி வைக்கோல் பொம்மைக்குக் கொள்ளி வெச்சவன் நானு, அவரு உசுரோட இருந்தாருன்னு நீ சொன்னா அன்னிக்கி நான் யாருக்குடி வெச்சேன் என்று கேட்டார். நானும் விடவில்லை. அப்படின்னா இல்லைன்னு நிரூபிச்சிக் காட்டு, ஆம்பள வழி உன் ஒடம்புலதானே இருக்குது, பயமா என்றேன். மூன்று மாசம் என்னோடு பேசவில்லை. புரட்டாசியில் ஒருநாள் தானாகவே வாசலில் வந்து நின்று, வர்றேன், அவ வாய அடைக்கத்தான் வர்றேன், வேற ஒண்ணும் இல்ல என்றார்.

நாகமணியின் தம்பியும் காக்கிநாடாவிலிருந்து வந்தான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. போன வாரம் முடிவை வாங்க நாலு பேரும் மறுபடி போனோம். அந்தப் பெண் இரண்டு வரிசையாக நம்பர் போட்ட தாளை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள், மேலே என்ன நம்பரோ கீழேயும் அதே நம்பர், கடைசி வரைக்கும். உன் மாமா விடவில்லை. பங்காளி எவனா இருந்தாலும் இதேதானே வரும் என்று கேட்டார். ஆமாங்க, உங்க அப்பாவோட அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க யாரா இருந்தாலும் வரும், அப்படி யாராவது கடல்ல போனாங்களா என்றாள் அவள். என் நைனா ஒரே பிள்ளை. அவர் அப்பாவும் ஒரே பிள்ளை. நம் வீட்டில் பங்காளியே கிடையாது, நல்லது கெட்டதுக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை என்று மாமாவே எத்தனை முறை புலம்பியிருக்கிறார்.

ரயிலில் வரும்போது நான் நாகமணியிடம் ஒன்று கேட்டேன். இத்தனை வருஷம் ஏன் ஒருதரம்கூட வரவில்லை, ஒரு கார்டு போட்டிருக்கலாமே, உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று. நாங்க கேக்கவே இல்ல அக்கா என்றாள். அவ்வளவுதான். எச்சிலையும் பஞ்சையும் வைத்து ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கிழவியைக் கண்டுபிடிக்கிறார்களே, ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு ஏன் இருந்தார் என்று சொல்ல ஒரு டெஸ்ட் இல்லை. என் அம்மா பொட்டை அழித்துக்கொண்டு கூடை தூக்கி எங்கள் இரண்டு பேரையும் வளர்த்தாள், அவள் செத்த அன்றைக்கு அந்த மனுஷன் காக்கிநாடாவில் உயிரோடு இருந்திருக்கிறார். நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது சுபஸ்ரீ, யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை, அதனால்தான் உன்மேல் படுகிறேன், பொறுத்துக்கொள்.

ஒன்று மட்டும் நடந்தது, அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். முந்தாநாள் நாகமணி இங்கே இருக்கும்போதே, அவள் மகளைப் புதிதாகக் கேட்டு வந்த பிள்ளை வீட்டார் போன் செய்தார்கள். அவள் என்ன சொல்வது என்று தெரியாமல் திக்கினாள். உன் மாமா, இத்தனை நாள் அவளைத் திருடி மாதிரி பார்த்த அதே மாமா, கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அவருடைய ஓட்டைத் தெலுங்கில், பொண்ணுக்குத் தாய்மாமன் பேசறேன், பேரு தினகரன், ஊரு பழவேற்காடு லைட்ஹவுஸ் குப்பம், சடையன் மவன், வந்து பாருங்க, இன்னா கேக்கணுமோ எங்கிட்ட கேளுங்க என்றார். போனைக் கொடுத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். தை மாசம் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நீ லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. அந்த எச்சில் டெஸ்ட் கம்பெனி, உங்களுக்குத் தூரத்துச் சொந்தம் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அனுப்பும் மெயிலுக்கெல்லாம் பதில் போடாதே, இருக்கிற சொந்தமே எனக்குப் போதும். என் பெயரை அதிலிருந்து எடுக்க முடியுமானால் எடுத்துவிடு. இனிமேல் எதை வாங்கினாலும் எதற்கு என்று முதலில் கேள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, ராத்திரி டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. நல்ல ஆயுசும் நல்ல மனசும் உனக்கு அம்மன் கொடுக்கட்டும்.

மறக்காமல் ஒரு வேலை செய். நாகமணி நம்பரை உன் அப்பா அனுப்புவார், ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போடு. அவள் என்னை அக்கா அக்கா என்று கூப்பிடுகிறாள், எனக்கு இன்னும் அவளைத் தங்கச்சி என்று சொல்ல வாய் வரவில்லை. நீயாவது சித்தி என்று கூப்பிடு.

இப்படிக்கு,
கோபமும் ஆசையுமாக உன் அம்மா,
வேலம்மா