கோட்டுப் போட்ட மகன்

தோங்சி பேரரசரின் எட்டாம் ஆண்டு, ஐந்தாம் மாதம், 9

அமோய்த் துறைமுகத்தில் வெயில் கொளுத்துகிறது. காலையில் வாத்து திருடியவன் மீது கூலிக்கு ஒரு மனு எழுதினேன். மதியம் அதே திருடனுக்காக, வாத்து தானாகவே பின்னால் வந்தது என்று இன்னொன்று. இரண்டும் நன்றாக வந்திருந்தன.

மாலையில் கோ தெக் லியாம் கடைத்தெருவைக் கடந்து போனான். கறுப்புக் கம்பளிக் கோட்டு, உயரத் தொப்பி, அதற்குள் சுருட்டி ஒளித்த சீனப் பின்னல், அவித்த நண்டு போல முகம். அவன் பிறந்தது பினாங்கில், அதாவது ஆங்கிலேயர் மண்ணில். அப்படிப் பிறந்த சீனனுக்கு ஆங்கிலத் தூதரகத்தின் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்நிய உடையில் நடமாட வேண்டும். நம் உடையில் அகப்பட்டால் நம் நீதிபதிக்குச் சொந்தம். இதுதான் விதி. ஆக, எங்கள் ஊரில் ஒருவன் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பதைத் தையற்காரன் தீர்மானிக்கிறான்.

மூன்று வருஷத்துக்கு முன், மணிலாவில் பாய்மர வேலை என்று சொல்லி இவன்தான் என் அண்ணனைக் கூலிக் கப்பலில் ஏற்றினான். கப்பல் போனது கியூபாவுக்கு. அண்ணன் அதுவரைகூடப் போகவில்லை. வழியில் காய்ச்சல், கடலில் போட்டுவிட்டார்கள். நான் கொடுத்த புகாருக்கு நீதிபதி சொன்ன பதில்: "அவன் கோட்டுப் போட்டிருக்கிறானே."

காத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதம், 14

தேநீர்க் கடையில் லாவ் தெங். நீதிபதியின் சேவகர்களுக்குத் தலைவன்.

"வாத்தியாரே, அவனைப் புடிக்க எனக்கும் ஆசைதான். ஆனா தூங்கறப்பகூடக் கோட்டைக் கழட்டறதில்லையாம். பொண்டாட்டி சொல்லி அழுதாளாம்."

"குளிக்கறப்ப?"

"குளிக்கறதையே நிறுத்திட்டான்யா."

சிரித்தோம்.

ஐந்தாம் மாதம், 27

அவன் அம்மா செத்துவிட்டாள்.

வானத்துக்கும் கண் இருக்கிறது! ஒரே மகன். முரட்டுச் சணலில் துக்க உடை உடுத்தி, பின்னலை அவிழ்த்துப் போட்டு, சவப்பெட்டியோடு இடுகாட்டு மலைவரை நடந்தே ஆகவேண்டும். மலைக்குப் போகும் வழி, அவன் வசிக்கும் ஆங்கிலேயர் குடியிருப்பின் எல்லையைத் தாண்டி நம் நீதிபதியின் மண்ணில்தான் போகிறது.

அண்ணியிடம் சொன்னேன். அவள் முகம் மலரவில்லை.

"அந்தம்மா மேல எனக்குக் கோபமில்ல தம்பி. உங்கண்ணன் போனப்ப ஊரே எட்டிப் பார்க்கல. அது ஒருத்திதான் வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு."

"அவங்களை நான் தொடல அண்ணி. மகனைத்தான்."

"அம்மா சாவுலயா புடிப்பே?"

"மத்த நேரத்துல அவன் சீனனே இல்லையே."

அரிசி களையப் போய்விட்டாள்.

ஆறாம் மாதம், 5

சவத்தை இன்னும் எடுக்கவில்லை. நல்ல நாள் அமையவில்லையாம். ஜோதிடன் குறித்துத் தரும் ஒவ்வொரு நாளிலும் மகனே ஒரு தோஷம் கண்டுபிடிக்கிறான். இந்த வெயிலில் அவனுடைய சாஸ்திர பக்தி பக்கத்து வீட்டார் மூக்குவரை எட்டிவிட்டது.

ஆறாம் மாதம், 12

நாளை எடுக்கிறார்கள். லாவ் தெங்கிடம் கயிறு தயார். அண்ணா.

ஆறாம் மாதம், 13

நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

வந்தான். தலைமுதல் கால்வரை சணல், கையில் மூங்கில் கோல். எல்லைக் கல்லைத் தாண்டினான். லாவ் தெங் முன்னே போய்த் தோளைத் தொட்டான். "கோ தெக் லியாம், நீதிபதி கூப்பிடறார்."

அவன் சணலின் முடிச்சைப் பற்றி இழுத்துக் கிழித்தான். உள்ளே கறுப்புக் கோட்டு. எல்லாப் பொத்தானும் போட்டபடி!

"கையை எடுடா! நான் இங்கிலீஷ் பிரஜை!"

பின்னாலிருந்து தூதரகக் குமாஸ்தா குடையோடு வந்தார். துணியைப் பார்த்தார், பொத்தானைப் பார்த்தார், தலையாட்டினார். லாவ் தெங் கயிற்றை இடுப்பில் செருகிக்கொண்டான்.

போச்சு. எல்லாம் போச்சு. இவ்வளவு காத்திருந்ததும் இதுக்குத்தானா— என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அப்போதுதான் சவப்பெட்டி தூக்கிகளின் மேஸ்திரி ஓங் பே வாயைத் திறந்தார்.

"அம்மா சாவுக்குமாடா கோட்டு?"

"நடங்க, நடங்க" என்றான் கோ.

"இருப்பா. இங்கிலீஷ்காரனுக்கு இந்த ஊர்ல ஏது அம்மா? அப்ப நாங்க யாரோட அம்மாவைத் தூக்கிட்டுப் போறோம்?"

பெட்டியை நடுத்தெருவில் இறக்கி வைத்தார்கள். கூலிக்கு அழ வந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். யாரோ காறித் துப்பினார்கள். அவன் குடைக்குக் கீழே ஒண்டி எல்லைக் கல்லுக்கு அந்தப்பக்கம் போய்விட்டான். மழை பிடித்துக்கொண்டது. கடைசியில் கோயில்காரர்கள் வந்து பெட்டியைத் தங்கள் கொட்டகைக்கு எடுத்துப் போனார்கள்.

ஆறாம் மாதம், 25

ஏழாம் மாதம் பிறந்தால் பாதாளக் கதவு திறந்து ஆவிகள் வெளியே வரும். அதுவரை கேட்பாரற்ற பெட்டியை வைத்திருக்கக் கோயில் பிக்குவுக்குத் தைரியமில்லை. மகனுக்கு ஆள்மேல் ஆள் அனுப்பினார். கோட்டோடு வந்தால் தூக்க ஆளில்லை. கோட்டில்லாமல் வந்தால் கயிறு. அவன் வரவில்லை.

"நாம எடுப்போம்" என்றாள் அண்ணி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவன் அம்மாவுக்கு நாங்களா? பிறகு, கல்லறைக் கல் நினைவுக்கு வந்தது. அதில் மகன் பெயர் வெட்ட வேண்டும்.

"எடுப்போம் அண்ணி. ஆனா கல்லுல அண்ணன் பேர்."

குலப்பெயர் வேறுதான். அதனால் என்ன, சாமி முன்னால் ஏற்றுக்கொண்ட மகன் என்று நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதே.

அவள் கேட்டாள்: "இது பழிக்கா, புண்ணியத்துக்கா?"

"ரெண்டுக்கும் ஒரே கல்லு போதும்."

"அவருக்கும் ஒரு கல்லு இல்லதான்" என்றாள்.

ஆறாம் மாதம், 28

ஓங் பேயும் ஆட்களும் தூக்கினார்கள். மகனாக, அண்ணன் இடத்தில், நான் சணல் உடுத்தினேன். குத்துகிறது.

எட்டாம் மாதம், 18

கல்லைப் பற்றி அவனுக்குச் செய்தி எட்டிவிட்டது. தங்கள் பிரஜையின் தாயாருடைய கல்லறையில் அந்நியன் பெயர் வெட்டப்பட்டிருப்பதாக, அதை அகற்றும்படி, தூதரகத்திலிருந்து நீதிபதிக்குக் கடிதம். என்னைக் கூப்பிட்டார்கள். முழங்காலிட்டேன்.

"என்னய்யா சொல்றே?"

"கல்லை நானே உடைச்சுடறேன் ஐயா. அவர் இங்க வந்து, நான்தான் இவங்க பெத்த மகன், இந்த ஊர்க் குடிதான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

நீதிபதி மீசைக்குள் சிரித்தார். பதிலை அங்கேயே சொல்லி எழுதவைத்தார்: அன்னார் அந்த அம்மாளின் மகனென்றால் எங்கள் குடி, பழைய கூலிக் கப்பல் புகாரோடு சேர்த்து எங்களிடம் ஒப்படைக்கவும். ஆங்கிலேயரென்றால் எங்கள் ஊர்ப் பிணங்களோடு அவருக்கு என்ன உறவு என்று தெரிவிக்கவும்.

பதினோராம் மாதம், 2

தூதரகத்திலிருந்து பதில் இல்லை.

ஒன்பதாம் ஆண்டு, மூன்றாம் மாதம், 5

இன்று கல்லறை துடைக்கும் நாள். அண்ணி புல்லைச் செதுக்கினாள், கல்லைக் கழுவினாள். "அத்தை, சாப்பிடுங்க" என்று பொரித்த மீனை வைத்தாள். பிறகு அண்ணன் பெயரை ஈரத்துணியால் தனியாகத் துடைத்தாள்.

கீழே பாதையில் கறுப்புக் கோட்டு நின்றது. கையில் ஊதுபத்திக் கட்டு. அவனிடமிருந்து கொஞ்ச தூரத்தில் லாவ் தெங் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான்.

"மேல வரச் சொல்லட்டுமா அண்ணி?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "மகனா வர்றதுன்னா வரட்டும்."

அவன் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினான். லாவ் தெங் உரிப்பதை நிறுத்தினான். கோ மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

மீன் நன்றாக இருந்தது. இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன்.