கூகுள்ல மொத எடம்

அப்பா, நம்ம பனியன் கம்பெனி சுப்புலட்சுமி நிட்ஸ் கூகுள்ல மொத எடத்துல வருதுன்னு நீங்க அனுப்புன போட்டோவப் பாத்து ஆபீஸ்லயே கத்திட்டேனுங்க!

நீங்க சொகந்தானுங்களா? அம்மாவுக்கு முட்டிவலி பரவால்லீங்களா? பெங்களூருல நான் நல்லா இருக்கேன்.

போன்ல சொன்னா நம்மள மொத எடத்துக்குக் கொண்டாந்தேன்னு சொல்ற அந்த வெப்சைட்டுக்காரர் பக்கத்துல இருந்து கேட்டுருவாரு, அதான் எழுதறேன். பயப்படாதீங்க, சின்ன சந்தேகம்தான். போட்டோவ நல்லாப் பாத்தா, அவரு தேடுனதே நம்ம கம்பெனி பேரைத்தான்! ரூம்ல கூட இருக்கற அன்புசெல்வி சிரிச்சுட்டா. "ஏண்டி, தெருவுல பேரச் சொல்லிக் கூப்புட்டா உங்கப்பா திரும்பாம எங்கப்பாவா திரும்புவாரு?"

நம்மளத் தெரியாத வியாபாரி "குழந்தைங்க பனியன் மொத்த விலை திருப்பூர்"னுதான அடிப்பாரு? நானும் அதையே அடிச்சேன். பக்கம் பக்கமாத் தள்ளியும் நாம இல்லீங்க. வீடியோ பாத்துக் கத்துக்கிட்ட எனக்கே தெரியுது, அவருக்குத் தெரியாதுங்களா?

ஆயுத பூஜையன்னைக்கு நல்ல நாள்னு அவருகிட்டக் குடுக்கறதாச் சொன்னீங்களே, அந்த வெப்சைட் பாஸ்வேர்டைக் குடுத்துராதீங்கப்பா. அதுல இருக்கற நம்ம போன் நம்பர எடுத்துட்டு அவரு நம்பரப் போட்டா, வர்ற ஆர்டரும் அங்க போயிரும்.

அன்புசெல்வி நாளைக்கு ஊருக்குப் போறா. இங்க குளிருது. தையல் கோணலாப் போன பனியன் ரெண்டு அவ திரும்பறப்பக் குடுத்தனுப்புங்க, நம்ம ஊட்டுத் துணிதான் வேணும்.

ஆபீஸ் வண்டி வந்துருச்சு. நம்ம கம்பெனியில பனியன் செக்கிங் பண்ற அக்காங்க எல்லாரையும் கூட்டி வெச்சு, அவரு முன்னாடியே நான் அடிச்ச அதே வார்த்தைய அவங்கவங்க போன்ல தேடச் சொல்லுங்க. அப்ப அவரு மூஞ்சிய ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க!

உங்க வினிதா