கமலா செப்டம்பரில் எழுதுகிறாள்

என் அன்பு மங்களத்துக்கு,

நீ இருந்தவரை உன்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'இந்தா' என்றால் திரும்பிப் பார்ப்பாய். இன்று பெயரையே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்.

அசதியாக இருக்கிறது. நம் கமலா பி.யூ.சி.யில் தவறிவிட்டாள். இங்கிலீஷ் மட்டும். பேப்பரில் தேறியவர்களின் நம்பரை மட்டும்தானே போடுகிறார்கள்? தன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு பேப்பரை மடித்து என்னிடம் தந்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதிலிருந்து வாசல்பக்கமே வருவதில்லை. தண்ணீருக்கும் நான்தான் போகிறேன்.

சமஸ்தானத்து ஆபீசில் இங்கிலீஷில் எழுதியே தலை நரைத்தவன் நான். அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். தவறியது அவளா, என் பாடமா?

செய்தி கேட்டதும் திருமயத்திலிருந்து அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள். கையோடு ஒரு வரன். கொடும்பாளூர்ப் பக்கம், அரிசி மில் வைத்திருக்கிறார்களாம்.

"இங்கிலீஷ்ல போனா என்னடா? மாப்பிள்ளை என்ன இங்கிலீஷ்லயா சோறு கேக்கப் போறான்? ஆவணியில முடிச்சிருவோம். திரும்ப எழுதி, திரும்பப் போச்சுன்னா இந்த வரனும் அங்கிட்டே போயிரும்."

வழக்கம்போல் தலையாட்டினேன். அக்காவிடம் எதையும் மறுத்துப் பழக்கமில்லை, உனக்குத் தெரியும். கமலாவைக் கேட்டேன்.

"ஒங்க இஷ்டம்ப்பா."

அது சம்மதமா, பயமா? நீ இருந்தால் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பாய். எனக்குத் தெரிந்த ஒரே வழி, கேள்வித்தாளை எடுத்துவைத்து முதலிலிருந்து வரிசையாகக் கேட்பது. அதில் ஒரு கேள்வி, ஊரைவிட்டுப் போகும் பெண் தோழிக்கு எழுதும் கடிதம்.

"கடைசியில எப்படி முடிச்சே?"

"ஐ கோ அண்ட் கம்."

"இங்கிலீஷ்ல போறவங்க போறேன்னுதான்ம்மா சொல்லுவாங்க."

"அதெப்படிப்பா? வாரேன்னு சொல்லாம போனா வழியனுப்புறவங்களுக்கு எப்படி இருக்கும்?"

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "புள்ள மரியாதையாத்தானடா எழுதியிருக்கு! எந்த மடையன் திருத்துனான்?"

கமலா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு! சிரித்த கையோடு கேள்வித்தாளை என் பக்கம் தள்ளி, "மிச்சத்தையும் கேளுங்கப்பா" என்றாள்.

அவள் முதலில் சொன்னது சம்மதமில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன்: "செப்டம்பர்ல எழுதட்டும்க்கா. மத்ததை அதுக்கப்புறம் பேசுவோம்."

"மறுபடி போச்சுன்னா?"

"தெரியலக்கா."

அக்கா சாப்பிடாமலே அடுத்த பஸ்சுக்குக் கிளம்பிவிட்டாள். நான் சொன்னது தைரியமா, அறிவீனமா? நல்ல வரனைக் கெடுத்துவிட்டேனோ?

அக்கா போனபிறகு கமலாவும் அதையே கேட்டாள். "மறுபடியும் போயிட்டா, அப்பா?"

"மார்ச்சுல எழுதலாம்மா" என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படி இல்லை. ஆனால் அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் தேறுவாள் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, மங்களம். பரீட்சையன்று கூடவே போய் முடியும்வரை ஹால் வாசலில் நிற்பேன். பேப்பரில் இந்த முறையும் நம்பர் இல்லையென்றால், அவள் எதிரில் பெருமூச்சு விடமாட்டேன். இது சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
கமலாவின் அப்பா