கிணற்றடியில் ஓர் ஆய்வுகூடம்

வல்வெட்டித்துறை,
11.2.1967

அன்பின் யோசப்பின்,

இங்கே எல்லோரும் நல்ல சுகம். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் வேறெப்படி இருப்பார்கள்?

லண்டன் ஆய்வுகூடத்தில் உனக்குப் பக்கத்து மேசையை எனக்குத் தர உன் பேராசிரியர் சம்மதித்ததை ஐயாவிடம் சொன்னேன். மகிழ்ந்தார். கலியாணம் முடிந்தபின் மாப்பிள்ளையைக் கேட்டுப் போகலாமாம். மாப்பிள்ளை தியாகராசா கொழும்பில் எழுதுவினைஞர்.

பரிசோதனையை வீட்டிலேயே தொடங்கிவிட்டேன். தொண்டைமானாற்றுச் சேற்றைப் போத்தலில் நிரப்பி, பழைய ரோச் லைற் பற்றரியை உடைத்து எடுத்த கரிக்கோல் ஒன்றை அதற்குள் புதைத்து, இன்னொன்றை மேலே நிற்கும் தண்ணீரில் விட்டேன். சில கிழமைகளில், பாடசாலையில் இரவல் வாங்கி இரண்டுக்கும் இடையில் தொடுத்த கல்வனோமானியின் முள் அசைந்தது: மின்சாரம். காற்று எட்டாத சேற்றில் வாழும் பற்றீரியாக் கிருமிகள், இலத்திரன்களை வாங்க ஒட்சிசன் இல்லாததால் கரிக்கோலிடம் கொடுக்கின்றன. நேரே கொடுக்கின்றனவா, சேற்றுக் கந்தகம் இடையில் நின்று வாங்கிக் கொடுக்கிறதா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. அதற்குத்தான் லண்டன். இதற்கா பட்டம் எடுத்தாய் என்று அம்மா கேட்டார்.

பெண் பார்க்க வந்த அன்று மிச்சச் சேற்றை வாளியில் கிளறி முன்விறாந்தையில் வைத்தேன். அழுகிய முட்டை நாற்றம். எழுந்து போய்விடுவார்கள் என்பது என் கணக்கு. மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்பர் எழுந்தார். வாளிக்குக் கிட்டப் போய், இது என்ன என்று விசாரித்தார். மடைச்சி நான், உள்ளே கூட்டிப்போய்ப் போத்தலைக் காட்டி முழுவதும் விளக்கினேன். முள் அசைவதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளை ஏன் லண்டன் குளிருக்கை போய்க் கஷ்டப்படவேணும்? எங்கடை கிணத்தடியிலை ஒரு கொட்டில் போட்டுத் தாறன். இருந்து செய்யட்டும்" என்றார்.

ஐயா அந்த இடத்திலேயே தலையாட்டிவிட்டார்.

கொட்டில் முடிந்துவிட்டது. ஓலை வேய்ந்து, கதிரை போட்டு, கோழி நுழையாமல் பூட்டும் பொருத்தியிருக்கிறார்கள். தியாகராசா கொழும்பிலிருந்து கரிக்கோல் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறார். கலியாணம் வைகாசியில். இவர்களில் ஒருவராவது கூடாத குணமுள்ளவராக இருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

ஆகவே யோசப்பின், பேராசிரியரைக் கொண்டு ஐயாவின் பெயருக்கு ஒரு தந்தி அடிப்பி. சித்திரைக்குள் வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றிருக்கட்டும். பொய்யானாலும் பரவாயில்லை. அன்பான சொல் ஒன்றும் அதில் வேண்டாம். அது இங்கே தேவைக்குமேல் கிடைக்கிறது.

மாதா உன்னைக் காக்கட்டும். மன்றாடும்போது என் பெயரையும் சொல்.

உன்,
மகாதேவி