பாவா, நம் மோட்டார் சேனலைக் கேட்டு வந்தார்கள்

அத்தை மகனாகப் பிறந்து என்னைக் கட்டிக்கொண்ட என் பாவாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. நம் மோட்டார் ரிப்பேர் சேனலை நான்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேச, படம் மட்டும் எடுத்தவள், இப்போது ஒரு கையில் போன், மறு கையில் ஸ்பேனர். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு உங்கள் வீடியோக்களை எவனோ திருடித் தன் பெயரில் போட்டுக்கொள்கிறான்.

அதனால்தான் சென்னையிலிருந்து ஒரு பார்ட்னர் நெட்வொர்க், பல பேர் சேனல்களைச் சேர்த்து நடத்தும் கம்பெனி, பேசியபோது ஆசைப்பட்டேன். சேர்ந்தால் திருட்டு வீடியோக்களை நீக்க வைப்பார்களாம், எடிட்டிங்கும் செய்து தருவார்களாம். பதிலுக்குச் சேனல் ஐந்து வருடம் அவர்கள் கையில். போன வாரம் ஒரு தம்பி ரயிலேறித் திருத்தணிக்கே ஒப்பந்தத்தோடு வந்தார். காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

"அண்ணன் தப்பா கனெக்ஷன் குடுத்த வீடியோவ மொதல்ல தூக்கிடணும்க்கா. பேரு கெட்டுடும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கே.ஜி.கண்டிகையில் ஒரு போர் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி, தண்ணீர் ஏறாமல் நீங்கள் முழித்தீர்களே, அந்த வீடியோ. பிறகு இரண்டு வயர்களை மாற்றிப் போட்டதும் தண்ணீர் பீறிட்டது. முழித்ததை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மே. நான் பண்ண தப்ப பாத்தாதான் அவன் பண்ண மாட்டான்" என்று சொல்லி, அதையே தெலுங்கிலும் ஒரு முறை பேசினீர்கள். இன்றைக்கும் ஆந்திரா பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்கிறார்கள். அதையா தூக்குவது?

அதோடு விட்டாரா? "அண்ணன் இல்லன்னு கவலப்படாதீங்க. அவரு வாய்ஸ்லயே கம்ப்யூட்டர் புது வீடியோல பேசும். நாங்க சொல்ற கம்பெனி மோட்டார நல்லாருக்குதுன்னு சொல்லும்" என்றார்.

கேட்டீர்களா பாவா? பிரித்துப் பார்க்காத மோட்டாரைப் பற்றி வாயே திறக்காதவர் நீங்கள். இறந்தவர் வாய் என்ன தெருக்குழாயா, வந்தவன் போனவன் எல்லாம் திறந்துவிட?

"காபிய குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி" என்றேன்.

"யோசிச்சிட்டு சொல்லுங்கக்கா" என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். அப்போதே கிழித்துப் போட்டேன்.

உங்களிடம் மறைப்பானேன்? குரலைப் பற்றி அவர் சொன்னதும், கோபத்துக்கு முன்னால் எனக்கு வேறொன்று வந்தது. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுமா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். நினைத்தால் அந்தத் தம்பி மேல் வந்ததைவிட என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

சேனல் நம்மிடமே இருக்கும். திருடுகிறவன் திருடத் திருட, நானே புகார் கொடுத்துக்கொண்டிருப்பேன். நீங்கள் சொல்லாத ஒரு வார்த்தையும் உங்கள் குரலில் வெளியே வராது. எனக்காகக்கூட வராது.

உங்கள் மாமன் மகள், உங்கள் மனைவி,
சரோஜா